பிளே ஸ்கூல் வேலையை விடாமல் மழலையர் கல்வி படிக்க முடியுமா? (கடலூர் – புதுச்சேரி)

கெடிலக்கரை (திருப்பாதிரிப்புலியூர்) | ஞாயிறு இரவு 10.40

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 29 வயது. பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பிறகு கல்யாணம், மகள். நாலு வருஷமாக அரியாங்குப்பம் பக்கம் ஒரு பிளே ஸ்கூலில் மிஸ்ஸாக இருக்கிறேன். காலை 7.20 பஸ்ஸைப் பிடித்தால்தான் 8.30க்குள் போய்க் கதவைத் திறக்க முடியும். என் வகுப்பில் இரண்டரையிலிருந்து மூன்றரை வயது வரை 26 பிள்ளைகள். நானும் ஒரு ஆயாம்மாவும். மதியம் முக்கால்வாசிப் பேர் கிளம்பிவிடுவார்கள். அம்மா, அப்பா இரண்டு பேரும் வேலைக்குப் போகிற ஒன்பது பிள்ளைகள் மாலை 5.30 வரை இருப்பார்கள், அவர்களும் என் பொறுப்புதான். நான் வீடு வந்து சேர ஏழு ஆகிவிடும்.

போன மாதம் ஒன்று நடந்தது. இரண்டே முக்கால் வயதுப் பையன். மண் தொட்டியில் தினமும் இன்னொரு பிள்ளைக்குப் பக்கத்திலேயே போய் உட்காருவான். இவன் ஒரு கிண்ணத்தில் மண்ணை அள்ளிக் கவிழ்ப்பான், அதுவும் இன்னொரு கிண்ணத்தில் அள்ளிக் கவிழ்க்கும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே மாட்டார்கள். அவன் அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "என் பிள்ளை யாரோடயும் ஒட்டமாட்டேங்கிறானே, ஏதாவது குறையா இருக்குமா மிஸ்?" என்றார். "இந்த வயசுப் பிள்ளைங்க இப்படித்தாம்மா இருக்கும்" என்றேன். "எப்படிச் சொல்றீங்க? நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை, பயத்தில் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. நான் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும், எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஏன் சரி என்று சொல்லத்தான் தெரியவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் பஸ் சுண்ணாம்பாற்றுப் பாலம் தாண்டி, ரெட்டிச்சாவடி தாண்டி, கடலூர் வந்து நிற்கும் வரை அதே நினைப்பு.

இதற்கென்று ஒரு பட்டம் வாங்க வேண்டும் என்று இருக்கிறது. வேலையை விட முடியாது. கணவர் சிப்காட்டில் ஷிஃப்ட். மாமியார் மகளைப் பார்த்துக்கொள்கிறார், அவருக்கும் முழங்கால் வலி. பட்டமா டிப்ளமாவா, எங்கே சேர்வது, என் ஆங்கிலத்துக்கு ஒத்துவருமா, படித்தால் சம்பளம் ஏறுமா, வேலை பார்த்துக்கொண்டே முடித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? தயவுசெய்து சொல்லுங்கள்.

---

வில்லியனூர் வாசகி | ஞாயிறு இரவு 11.15

எப்படியாவது ஒரு டிகிரி முடித்து பி.எட். போட்டுவிடுங்கள் சிஸ்டர். பி.எட். இருந்தால் எந்த ஸ்கூலிலும் கதவு திறக்கும். மழலையர் கல்வி என்று தனியாகப் படித்தால் பிளே ஸ்கூலோடு நின்றுவிடும்.

---

பாடவேளை (ஆசிரியர் கல்வியில் 15 ஆண்டு) | திங்கள் காலை 6.05

வாசகி நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் இந்தச் சகோதரி இருக்கும் இடத்துக்கு அந்த வழி பொருந்தாது, விவரம் சொல்லிவிடுகிறேன்.

வேலை பார்த்துக்கொண்டே பி.எட். என்றால் தொலைநிலையில்தான் படிக்க வேண்டும். அதில் சேர, ஏற்கெனவே கல்லூரிக்கு நேரில் போய் ஆசிரியர் பயிற்சி முடித்திருக்க வேண்டும். பிளே ஸ்கூல் அனுபவத்தை மட்டும் வைத்துக்கொண்டு சேர முடியாது. இரண்டாவது, பி.எட். பெரிய வகுப்புகளுக்குப் பாடம் நடத்துவதற்கான படிப்பு. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே பி.எட். முடித்தவர்களைத் தொடக்கநிலை ஆசிரியர் பணிக்குத் தகுதியானவர்களாக எடுத்துக்கொள்ள முடியாது என்று தீர்ப்பளித்தது. முதல் வகுப்புப் பிள்ளைக்கே அது வேறு பயிற்சி என்றால், மூன்று வயதுப் பிள்ளைக்கு இன்னும் எவ்வளவு வேறாக இருக்கும்?

மழலையர் கல்விக்கென்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் வகுத்த டிப்ளமா ஒன்று உண்டு. இரண்டு ஆண்டு, பன்னிரண்டாம் வகுப்பில் 50 சதவீதம் வேண்டும், நேரில் வகுப்புக்குப் போக வேண்டும். நான்கு ஆண்டு ஒருங்கிணைந்த ஆசிரியர் பட்டத்திலும் அடித்தள நிலை என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதுவும் முழுநேரம். இரண்டும் வேலையை விட்டால்தான் முடியும்.

விடாமல் படிக்க வேண்டுமென்றால், என் கருத்து இதுதான். முதலில் தொலைநிலையில் ஒரு டிப்ளமா. அது முடிந்ததும் தொலைநிலையிலேயே சமூகப்பணி போன்ற ஒன்றில் இளநிலைப் பட்டம். நேரம் அதிகம் எடுக்கும். ஆனால் முதல் வருஷத்திலிருந்தே உங்கள் வகுப்பறைக்குப் பயன்படும். பட்டம் முதலில், குழந்தைக் கல்வி பிறகு என்று வைத்தால் மூன்று வருஷம் வேறு எதையோ படித்துக்கொண்டிருப்பீர்கள். அந்த அம்மா கேட்ட கேள்விக்கு அப்போதும் பதில் இருக்காது.

---

பெண்ணையாற்றங்கரை (நாணமேடு) | திங்கள் மதியம் 1.20

தங்கச்சி, நான் முடித்தவள். இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) டி.இ.சி.இ. என்று ஒரு டிப்ளமா இருக்கிறது, சின்னக் குழந்தைப் பராமரிப்பும் கல்வியும். பன்னிரண்டாம் வகுப்பு போதும். ஜனவரி, ஜூலை என்று வருஷத்துக்கு இரண்டு தடவை சேர்க்கை. நான் படித்தபோது மொத்தம் 32 கிரெடிட். மூன்று பாடம் எட்டு எட்டாக, மீதி எட்டு செய்முறைத் திட்டப்பணிக்கு. பாடங்கள் என்று பார்த்தால் குழந்தை வளர்ச்சியும் மையத்தை நடத்துவதும் ஒன்று, உடல்நலமும் சத்துணவும் ஒன்று, குழந்தைகளுக்கான திட்டங்களும் சேவைகளும் ஒன்று.

ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு என்பது அவர்கள் கணக்கு. அப்படியானால் 960 மணி. ஒரே வருஷத்தில் முடிக்க வாரத்துக்கு 18 மணிக்கு மேல் வேண்டும். உனக்கு அது கிடைக்காது. எனக்கும் கிடைக்கவில்லை. நான் இரண்டு வருஷமாகப் பிரித்துக்கொண்டேன். வாரத்துக்கு ஒன்பது, பத்து மணி. அதற்கு அவகாசம் உண்டு, ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்று நினைத்து மூச்சு வாங்காதே.

அசைன்மென்டுக்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70 சதவீதம். அசைன்மென்ட் கையால்தான் எழுத வேண்டும். ஒன்றை எழுதி முடிக்க எனக்கு நாலு ஞாயிற்றுக்கிழமை ஆகும். நான் ஆங்கிலப் புத்தகத்தை வைத்துத்தான் படித்தேன். முதல் மாதம் ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம். அப்புறம் ஒரு விஷயம் பிடிபட்டது. அந்தச் சொற்கள் திரும்பத் திரும்ப ஒரு இருநூறுதான் வருகின்றன. சமையலறைக் காலண்டருக்குப் பின்பக்கம் எழுதி ஒட்டிவைத்தேன். இரண்டாவது புத்தகம் வரும்போது தடுமாற்றம் போய்விட்டது. இக்னோ பாடப் புத்தகங்கள் இ-கியான்கோஷ் தளத்தில் இலவசமாகவே கிடக்கின்றன. பணம் கட்டும் முன்பே இறக்கிப் பத்துப் பக்கம் படித்துப் பார். ஒத்துவருமா என்பது உனக்கே தெரிந்துவிடும்.

ஃபெஞ்சல் புயல் வந்த வருஷம், 2024, எனக்குத் தேர்வு டிசம்பரில். நவம்பர் 30 ராத்திரி புயல். அது போதாதென்று சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் பெண்ணையாற்றில் வந்து எங்கள் தெருவில் இடுப்பளவு நின்றது. பிள்ளைகளை மாடிக்கு ஏற்றினோம், அரிசியை ஏற்றினோம், புத்தகம் கீழேயே போனது. ஒரு பாடத்தை எழுதவே போக முடியவில்லை. உட்கார்ந்து அழுதேன். அடுத்த ஜூனில் எழுதினேன், தேறினேன். ஒரு தேர்வு தவறினால் படிப்பே போய்விடாது. நம் கடலூரில் டிசம்பர் மாதம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா? முடிந்த வரை ஜூனுக்கே அதிகப் பாடம் வைத்துக்கொள்.

---

கெடிலக்கரை | திங்கள் இரவு 9.50

அக்கா, கண் கலங்கிவிட்டது. வாரத்துக்கு ஒன்பது மணி என்றால் பார்க்கலாம் என்று தைரியம் வருகிறது. பஸ்ஸிலேயே தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகிறது. காலையில் நிற்கத்தான் இடம், திரும்பும்போது உட்கார இடம் கிடைக்கும். ஆனால் ஓடுகிற பஸ்ஸில் எழுத்தைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும்.

---

பெண்ணையாற்றங்கரை | திங்கள் இரவு 10.10

படிக்காதே, கேள். ஞாயிற்றுக்கிழமை ஒரு பாடத்தை உன் குரலிலேயே போனில் பதிந்துகொள், உனக்குப் புரிந்த தமிழில். வாரம் முழுக்க அதையே கேட்டுக்கொண்டு போ. பதியும்போதே பாதி மனதில் ஏறிவிடும்.

---

முந்திரிக்காடு (பண்ருட்டி) | செவ்வாய் காலை 8.30

எல்லாரும் சேர் சேர் என்று சொல்கிறீர்கள். நான் ஏமாந்த கதையையும் எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும்.

மாண்டிசோரி பயிற்சி, ஒரு வருஷம், அரசு அங்கீகாரம் என்று போர்டு வைத்திருந்த ஒரு தனியார் நிலையத்தில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். வகுப்பு மாதத்தில் ஒரு சனிக்கிழமை. மரத்தில் செய்த பொருட்களைக் கண்ணாடி அலமாரியில் காட்டினார்களே தவிர, கையில் தரவில்லை. கடைசியில் பளபளவென்று ஒரு சான்றிதழ். அதை எடுத்துக்கொண்டு ஒரு பள்ளிக்குப் போனால், எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டார்கள். பல்கலைக்கழகமே கிடையாது, ஏதோ ஒரு சங்கத்தின் பெயர். என் தோடு அடகில் இருந்தது அந்தச் சான்றிதழுக்காக.

மாண்டிசோரி முறை உயர்ந்தது. அதை உருவாக்கிய மரியா மாண்டிசோரி அம்மையாரே 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த ஊர் நம்முடையது. அந்தப் பேரை வைத்துக்கொண்டு யாரும் போர்டு மாட்டலாம் என்று இருக்கிறதே, அதுதான் வயிறெரிகிறது. தயவுசெய்து பணம் கட்டும் முன் மூன்றைக் கேளுங்கள். சான்றிதழில் யார் கையெழுத்து இருக்கும்? போன வருஷம் முடித்த இரண்டு பேருடைய எண் தருவீர்களா? பிள்ளைகளோடு செய்முறை எத்தனை நாள்? மூன்றாவதற்கு மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

---

பாடவேளை | செவ்வாய் காலை 9.00

பண்ருட்டி சகோதரி சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். தொலைநிலைப் பட்டம் என்றால் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு எந்தப் பல்கலைக்கழகத்துக்கு, எந்தப் படிப்புக்கு, எந்த ஆண்டுக்கு அனுமதி என்று பட்டியல் வெளியிடுகிறது. பல்கலைக்கழகம் பெயர் பெற்றது என்பது போதாது. நீங்கள் சேரும் ஆண்டில், அந்தப் படிப்பின் பெயர் அதில் இருக்க வேண்டும்.

---

கரையோர டீச்சர் (கடலூர் மீனவர் கிராமம், அங்கன்வாடி) | செவ்வாய் இரவு 8.45

நான் அங்கன்வாடிப் பணியாளர். எங்க ஊர்ல எல்லாரும் பால்வாடி டீச்சர்னுதான் கூப்பிடுவாங்க. இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. வேலைக்கு வந்து கொஞ்ச நாள்ல சுனாமி வந்துச்சு. அதுக்கப்புறம் ஒரு வருஷம் பிள்ளைங்க கடல் பக்கம் திரும்பிக்கூட உட்காரமாட்டாங்க. படம் வரையச் சொன்னா கறுப்புக் கலர எடுத்துத் தாள் முழுக்கத் தேய்ப்பாங்க. நான் தடுக்கல, தேய்க்கட்டும்னு விட்டேன். அது சரியா தப்பான்னு சொல்ல எனக்கு யாரும் இல்ல. பத்து வருஷம் கழிச்சு இந்தப் படிப்பப் படிச்சப்பதான், பேச வராத பயத்தப் பிள்ளை விளையாட்டாவும் படமாவும் வெளிய கொட்டும், அதுக்கு இடம் குடுக்கணும்னு புத்தகத்துல இருந்துச்சு. அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல எனக்கு. சரியாத்தான் செஞ்சிருக்கோம்னு ஒரு நிம்மதி, முன்னாடியே தெரிஞ்சிருந்தா இன்னும் நல்லா செஞ்சிருக்கலாமேன்னு ஒரு வருத்தம்.

கெடிலக்கரை தங்கச்சி, உன் மண் தொட்டிப் பையனுக்கு வர்றேன். பக்கத்துல உட்காந்து, சேராம, ஒரே ஆட்டத்தத் தனித்தனியா ஆடுறதுக்குப் பேரே இருக்கு. இணை விளையாட்டு. மில்ட்ரெட் பார்ட்டன்னு ஒரு அம்மா பாலர் பள்ளிப் பிள்ளைங்க விளையாடுறத உட்காந்து பாத்துப் பாத்துக் குறிச்சு 1932ல எழுதினாங்க. பிள்ளை மொதல்ல தனியா ஆடும், அடுத்தவங்க ஆடுறத வேடிக்கை பாக்கும், அப்புறம் பக்கத்துல உட்காந்து ஆடும், அப்புறம் சாமான் குடுத்து வாங்கும், அதுக்கப்புறம்தான் நீ அப்பா நான் அம்மான்னு சேந்து ஆடும். ரெண்டு, ரெண்டரை வயசுல இணை விளையாட்டு ரொம்ப சகஜம். உன் பையன் ஆள் இல்லாத மூலையில போய் உட்காரல பாரு, தினமும் இன்னொரு பிள்ளை பக்கத்துலதான் உட்காருறான். அதுதான் அவன் சேர்ற விதம். அவங்கம்மாகிட்ட இதச் சொல்லு. அதோட, பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்புறானா, கண்ணப் பாக்குறானா, வேணும்னா விரல் நீட்டிக் காட்டுறானான்னும் பாத்துக்க. அதுல ஏதாவது இல்லன்னா டாக்டர்கிட்ட அனுப்பத் தயங்காத. இந்த ரெண்டையும் பிரிச்சுப் பாக்கத்தான் படிப்பு வேணும். வெறும் அனுபவத்துல, "எல்லாப் பிள்ளையும் இப்படித்தான்"னு சொல்லிச் சொல்லி, நான் ஒரு பிள்ளைக்கு ரெண்டு வருஷம் தாமதமாக்கிட்டேன். அதுக்குக் காது கேக்கல. அவங்க அம்மா மீன் கூடையோட தெருவுல போறப்ப இன்னைக்கும் என்கிட்ட நல்லாத்தான் பேசுறாங்க. எனக்குத்தான் நெஞ்சு அடைச்சிக்கும்.

இன்னொண்ணும் சொல்லணும். வேலை பாத்துக்கிட்டே படிக்கிறது கஷ்டம், ஆனா வேலை பாக்காம இத மட்டும் படிச்சா அதவிடக் கஷ்டம்னு நான் நினைக்கிறேன். பியாஜேன்னு ஒருத்தர் பாடம் வரும். குட்டையான பாத்திரத்துத் தண்ணிய ஒல்லியான உயரப் பாத்திரத்துல ஊத்தினா, நாலு வயசுப் பிள்ளை உயரத்துலதான் அதிகம்னு சொல்லும்னு இருந்துச்சு. படிச்ச மறுநாளே எங்க மையத்துல ரெண்டு பொண்ணுங்களுக்குச் சத்துமாவுக் கஞ்சிக்குச் சண்டை. ஒருத்திக்கு அகலக் கிண்ணம், ஒருத்திக்கு டம்ளர். அளவு ஒண்ணுதான், நானே கரண்டியால ஊத்தினேன். கிண்ணத்துக்காரி "எனக்குக் கொஞ்சூண்டு"ன்னு ஒரே அழுகை. இன்னும் ஊத்தலாம்னு கரண்டிய எடுத்தேன், புத்தகம் ஞாபகம் வந்துச்சு. ஊத்தாம, அவ கண் முன்னாடியே அவ கஞ்சிய அப்படியே இன்னொரு டம்ளருக்கு மாத்தினேன். அழுகை டக்குனு நின்னுச்சு. "இப்ப நெறைய"ன்னா. எனக்கு உடம்பு சிலிர்த்துப்போச்சு. முன்னாடியெல்லாம் இத அடம்னு நினைச்சுத் திட்டியிருக்கேன். அது அடம் இல்ல, அந்த வயசு மூளை அப்படித்தான் அளக்கும். இந்தப் பாடத்த நான் தேர்வுக்குன்னு மனப்பாடமே பண்ணல.

சம்பளம் கேட்ட இல்ல? பொய் சொல்லமாட்டேன். மத்திய அரசு எங்களுக்குக் குடுக்குற மதிப்பூதியம் 2018ல 3,000லேர்ந்து 4,500 ஆச்சு, மேல மாநில அரசு போடுது. 2022 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் அங்கன்வாடிக்காரங்களுக்கும் பணிக்கொடை உண்டுன்னு சொல்லிச்சு. இதெல்லாம் போராடி வந்தது, டிப்ளமாவால வந்தது இல்ல. படிச்சதுக்காக எனக்கு ஒரு ரூபா ஏறல. ஏறணும்னு நான் எங்க கூட்டத்துல ஒவ்வொரு தடவையும் எழுந்து பேசுறேன்.

---

வில்லியனூர் வாசகி | செவ்வாய் இரவு 9.30

டீச்சரம்மா எழுதியதை என் தங்கைக்கு அனுப்பினேன். பி.எட். பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எனக்கு இந்த விவரம் தெரியாது.

---

மஞ்சக்குப்பத்து அப்பா | புதன் காலை 7.15

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் பாட்டிமார் எந்த டிப்ளமா படித்து எட்டு, பத்து பிள்ளைகளை வளர்த்தார்கள்? அன்பு இருந்தால் போதாதா? என் பெண்ணுக்கு மூன்றரை வயது. பிளே ஸ்கூலில் இன்னும் 'அ' எழுதச் சொல்லித்தரவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் ஏ பி சி டி முழுக்க எழுதுகிறான். மிஸ்கள் விளையாட விடுவதற்கு மட்டும்தானா?

---

பாடவேளை | புதன் காலை 7.50

ஐயா, நேர்மையான கேள்வி. பாட்டி ஒரே நேரத்தில் ஒரே வயதில் 26 பிள்ளைகளை வைத்திருக்கவில்லை. எட்டுப் பிள்ளையிலும் பெரிய அக்கா இடுப்பில் ஒன்று, பெரியம்மா மடியில் ஒன்று. அந்த வீடு இன்று இல்லை. 2013இல் வந்த தேசிய மழலையர் பராமரிப்பு, கல்விக் கொள்கை மூன்றிலிருந்து ஆறு வயதுக்கு 20 பிள்ளைக்கு ஒரு பெரியவர், மூன்று வயதுக்குள் 10 பிள்ளைக்கு ஒருவர் என்று சொல்கிறது. கெடிலக்கரை சகோதரியின் வகுப்பை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அன்பு அங்கே எவ்வளவு தூரம் நீளும்?

'அ' விஷயம். உங்கள் பெண்ணின் மணிக்கட்டு எலும்புகள் இன்னும் முழுதாக உருவாகவில்லை. பிறக்கும்போது அங்கே குருத்தெலும்புதான், வருஷக்கணக்கில் ஒவ்வொன்றாக எலும்பாகும். மூன்றரை வயதில் பென்சிலை மூன்று விரலால் பிடிக்க வைப்பதை விட, மாவு பிசைவது, மணி கோப்பது, ஈரத்துணி பிழிவது, வேர்க்கடலை உரிப்பது நல்லது. அந்தக் கைதான் நாளைக்கு 'அ' எழுதும். உங்கள் மிஸ் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார் போலும். இதை உங்களிடம் அவர் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தெரியாததால்தான் பெற்றோர் கேட்டதும் பல பள்ளிகள் இரண்டே மாதத்தில் பென்சிலைக் கொடுத்துவிடுகின்றன.

---

மஞ்சக்குப்பத்து அப்பா | புதன் இரவு 8.00

வேர்க்கடலை உரிக்கக் கொடுத்தேன். ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. நன்றி ஐயா.

---

யாரா நதி (மெல்பர்ன், சொந்த ஊர் கடலூர் முதுநகர்) | வியாழன் காலை 5.30

இங்கே நான் குழந்தைகள் மையத்தில் வேலை பார்த்துக்கொண்டே பட்டப்படிப்பு படிக்கிறேன், அதனால் எழுதுகிறேன். இங்கே முதலில் சர்டிபிகேட் 3, அடுத்து டிப்ளமா, பிறகு பட்டம் என்று படிப்படியாகப் போகலாம். எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. மையத்தில் கணக்கில் வரும் பணியாளர்களில் பாதிப் பேர் டிப்ளமா முடித்தவர்களாகவோ படித்துக்கொண்டிருப்பவர்களாகவோ இருக்க வேண்டும் என்பது சட்டம். படித்துக்கொண்டிருப்பதே ஒரு தகுதி. அதனால் நிர்வாகமே படி என்று தள்ளிவிடும். விக்டோரியாவில் மூன்று வயதுக்குள் நாலு பிள்ளைக்கு ஒருவர், அதற்கு மேல் 11 பிள்ளைக்கு ஒருவர்.

கஷ்டமும் உண்டு. நாலு வருஷப் பட்டத்துக்குக் குறைந்தது 80 நாள் பயிற்சிப் பணி. அதில் மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளோடு குறைந்தது பத்து நாள். அந்த வாரங்களில் என் சம்பளம் நின்றது. வாடகைக்கு அலைந்தேன். அங்கே நீங்கள் சேரும்போது, செய்முறையை உங்கள் சொந்தப் பள்ளியிலேயே செய்யலாமா என்று முதல் நாளே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். செய்ய முடிந்தால் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

---

கெடிலக்கரை | சனி இரவு 9.15

எல்லாருக்கும் நன்றி சொல்லி முடியாது. இன்றைக்கு நிர்வாகி மேடத்திடம் பேசினேன். பெண்ணையாற்றங்கரை அக்கா சொன்னபடி புத்தகத்தை இறக்கிப் பத்துப் பக்கம் படித்துவிட்டுத்தான் போனேன். மூன்று கேட்டேன். தேர்வு நாட்களுக்கு விடுப்பு, செய்முறையை என் வகுப்பிலேயே செய்ய அனுமதி, வாரத்தில் ஒரு நாள் மாலைப் பிள்ளைகளை வேறு மிஸ் பார்த்துக்கொள்வது. முதல் இரண்டுக்குச் சம்மதம். மூன்றாவதற்கு ஆள் இல்லை என்றார். சம்பள உயர்வு பற்றி முடித்த பிறகு பார்க்கலாம் என்றார். அந்தப் "பார்க்கலாம்" எனக்கு வருத்தம்தான். முடித்த பிறகு கேட்காமல் விடமாட்டேன்.

பையனின் அம்மாவிடமும் பேசினேன். இணை விளையாட்டு என்று சொல்லி, ஐந்து படியையும் ஒரு தாளில் வரைந்து, இவன் இப்போது எந்தப் படியில் நிற்கிறான் என்று காட்டினேன். பேர் சொன்னால் திரும்புகிறான், விரல் நீட்டுகிறான், அதையும் சொன்னேன். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஜூலை சேர்க்கைக்கு விண்ணப்பிக்கிறேன்.

---

கெடிலக்கரை | எட்டு மாதம் கழித்து, ஞாயிறு மாலை

யாராவது இந்த இழையைத் தேடி வந்தால் பயன்படும் என்று எழுதுகிறேன். இரண்டு பாடத்துக்கு அசைன்மென்ட் கொடுத்துவிட்டேன், ஒரு தேர்வு எழுதிவிட்டேன். வாரத்துக்கு ஒன்பது மணி என்பது சில வாரம் நாலு ஆனது, மகளுக்கு அம்மை போட்டிருந்தபோது ஒன்றுமே இல்லை. பஸ்ஸில் என் குரலையே கேட்டுக்கொண்டு போவது பழகிவிட்டது.

பெரிய மாற்றம் வாசலில்தான். காலையில் விட்டுவிட்டுப் போகும் அம்மாக்கள் பிள்ளை அழும் என்று பின்பக்கமாக நழுவுவார்கள், நாங்களும் "ஓடுங்க ஓடுங்க" என்போம். பிரிவுப் பதற்றம் பற்றிப் படித்த பிறகு அதை நிறுத்தச் சொன்னேன். சொல்லாமல் மறைந்தால் பிள்ளைக்கு அடுத்த நாள் பயம் இரட்டிப்பாகும். இப்போது ஒவ்வொரு அம்மாவும் குனிந்து, "சாப்பிட்டுத் தூங்கி எழுந்ததும் அம்மா வருவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். புதிதாக வந்த ஒரு பெண் குழந்தைக்கு அவள் அம்மாவின் பழைய துப்பட்டா ஒன்றைக் கேட்டு வாங்கினோம். அதை முகத்தில் வைத்துக்கொண்டே மூன்று நாள் சுற்றினாள். நாலாவது நாள் அதை விரித்துப் பொம்மையைத் தூங்கவைத்தாள். ஆயாம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அவரும் இப்போது என்னிடம், "இன்னைக்கு பஸ்ல என்ன கேட்ட, சொல்லு" என்று கேட்கிறார்.

---

தவளக்குப்பம் மிஸ் | திங்கள் காலை 6.40

அக்கா, நானும் ஜூலைக்குச் சேரப்போகிறேன். பிள்ளைகளைக் கவனித்துக் குறிப்பு எழுத வேண்டும் என்கிறார்களே, வகுப்பு நடக்கும்போது எப்படி எழுதுவது? இருபது பேர் சுற்றி நிற்கும்போது பேனாவையே எடுக்க முடியவில்லை.

---

கெடிலக்கரை | திங்கள் இரவு 9.30

உட்கார்ந்து எழுதப் பார்க்காதேம்மா, நடக்காது. சேலை மடிப்பில் செருகிக்கொள்கிற அளவுக்கு ஒரு குட்டி நோட்டு, கயிறு கட்டிய பென்சில். ஒரு நாளைக்கு இரண்டே பிள்ளை. யாரைப் பார்ப்பது என்று காலையிலேயே முடிவு செய்துவிடு. நேரம், செய்தது, சொன்னது, இந்த மூன்று மட்டும். "நல்ல பெண்", "முரடன்" என்றெல்லாம் எழுதாதே. "10.15, தள்ளினான், 'என் வண்டி' என்றான்", அவ்வளவுதான். மதியம் பிள்ளைகள் தூங்கும் அரைமணியில் பெரிய நோட்டுக்கு மாற்றிவிடு. ராத்திரிக்குத் தள்ளினால் மறந்துவிடும்.